பழைய கோல்ஃப் மட்டை, நியாயமான விலை

(சங்கத்தின் மூத்தோர் மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன சந்திப்பில் உயில் எழுதுவது பற்றிப் பேசினார்கள். அதற்கு முந்தைய முறை மாடித் தோட்டம். இரண்டும் எல்லா வீட்டுக்கும் வேண்டியவை. கோல்ஃப் மட்டை எத்தனை வீட்டுக்கு வேண்டும் என்று நீங்கள் யோசிப்பது உங்கள் முகத்திலேயே தெரிகிறது. செயலாளர் சாரிடம் நானும் அதைத்தான் கேட்டேன். அவர் ஒரு கணக்குச் சொன்னார். நம் நான்கு பிளாக்குகளில் ஏழு பேர் வார இறுதியில் கோல்ஃப் பயிற்சிக்குப் போகிறார்கள். மூன்று பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். அதில் ஒரு வீட்டில், சேர்ந்த முதல் வாரமே புது செட் வாங்க வேண்டும் என்று ஒரு லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்களாம். அந்தப் பெற்றோர் கடன் அட்டையில் தவணை போட இருந்தார்கள். அந்த எஸ்டிமேட்தான் இன்றைய பேச்சுக்குக் காரணம்.

என்னைப் பற்றி இரண்டே வரி. முப்பத்தாறு வருஷம் வங்கியில் எழுத்தர். அதில் நான்கு வருஷம் ஊட்டி. அங்கே இரவல் மட்டையில் ஆடக் கற்றுக்கொண்டேன். பிறகு சென்னையில் ஒரு கிளையில் கோல்ஃப் ஆடும் பெரிய மனிதர்களும் அவர்கள் பையைச் சுமக்கும் கேடிகளும் ஒரே கவுண்டருக்கு வருவார்கள். யார் எந்த மட்டையை விற்கிறார், யார் வாங்குகிறார் என்பது டெபாசிட் சலானோடு சேர்ந்து என் காதில் விழும். ஆட்டத்தில் நான் சுமார்தான். மட்டை விலையில் கொஞ்சம் தேறியவன்.

சொற்களில் குழப்பம் வரக் கூடாது. கிளப் என்று சொன்னால் சங்கமா மட்டையா என்று புரியாது, அதனால் மட்டை என்றே சொல்கிறேன். டிரைவர் என்றால் கார் ஓட்டுபவர் அல்ல, முதல் அடி அடிக்கும் நீளமான மட்டை. கேடி என்றால் போலீஸ் பட்டியலில் இருப்பவர் அல்ல, மட்டைப் பையைத் தூக்கி வருபவர். லாஃப்ட் என்றால் மட்டையின் முகம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற கோணம். நம் வீட்டு லாஃப்டும் பேச்சில் வரும், அப்போது பரண் என்று சொல்லிவிடுகிறேன்.

வங்கிக் கணக்கில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டர், நாற்காலி, பீரோ எல்லாவற்றின் மதிப்பையும் வருஷா வருஷம் குறைத்து எழுதுவோம். புத்தகத்தில் ஒரு ரூபாய் மதிப்புக்கு வந்துவிட்ட இரும்பு பீரோ அடுத்த முப்பது வருஷம் லெட்ஜர்களைச் சுமந்துகொண்டு நிற்கும். கோல்ஃப் மட்டையும் அந்த இரும்பு பீரோ ஜாதிதான். அதன் விலை தேய்கிற வேகம் வேறு, பொருள் தேய்கிற வேகம் வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் நமக்கு லாபம்.

விலை ஏன் அவ்வளவு வேகமாக விழுகிறது? பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் புது மாடல் விடுகின்றன. போன வருஷத்தை விடப் பத்து கஜம் கூடப் போகும் என்று விளம்பரம் வரும். அதைப் பார்த்தவர்கள் கையில் இருப்பதை விற்றுவிட்டுப் புதியதை வாங்குவார்கள். வெளிவந்து இரண்டு, மூன்று வருஷம் ஆன டிரைவர் பாதி விலைக்குக் கிடைப்பது சாதாரணம்.

இங்கே ஒரு சட்ட விஷயம் இருக்கிறது. கோல்ஃப் விதிகளை அமெரிக்காவின் யு.எஸ்.ஜி.ஏ.வும் ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ-யும் சேர்ந்து வகுக்கின்றன. டிரைவரின் முகம் பந்தை ஸ்பிரிங் மாதிரி எவ்வளவு உந்தித் தள்ளலாம் என்பதற்கு 1998-ல் அமெரிக்காவில் உச்சவரம்பு வைத்தார்கள். 2008 முதல் மற்ற நாடுகளிலும் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் அது வந்துவிட்டது. தலையின் அளவு 460 சி.சி.க்கு மேல் போகக் கூடாது என்று 2004-லேயே விதி வந்தாயிற்று. பத்து வருஷத்துக்கு முந்தைய நல்ல டிரைவரே இந்த வரம்பை ஏறக்குறையத் தொட்டுவிட்டது. அதற்குப் பிறகு வந்த முன்னேற்றம் பெரும்பாலும் அடி நடுவில் படாதபோது பந்து எவ்வளவு தவறிப் போகிறது என்பதில்தான். அது நல்ல முன்னேற்றம், மறுக்கவில்லை. அதற்காக மூன்று மடங்கு விலை கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

அயர்ன் என்ற இரும்பு மட்டைகளில் இன்னொரு வேடிக்கை. 1980-களில் 7 என்று எண் போட்ட மட்டையின் சாய்வு 36 டிகிரி அளவில் இருக்கும். இன்று தொடக்க ஆட்டக்காரர்களுக்கு விற்கும் பல செட்டுகளில் 7 என்ற எண்ணுக்கு 30 டிகிரி, அதற்கும் குறைவு. சாய்வு குறைந்தால் பந்து நெடுந்தூரம் போகும். அதாவது பழைய 5-ஆம் எண்ணை 7 என்று பெயர் மாற்றிவிட்டு, 'பார், உன் 7 எவ்வளவு தூரம் போகிறது' என்கிறார்கள். உயரமாக எழும்ப வைக்க எடையைக் கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், முழுக்க ஏமாற்று இல்லை. ஆனால் பழைய கணக்கைப் புதுத் தலைப்பில் எழுதுவது என்றால் என்ன என்று எங்கள் ஆடிட்டருக்குத் தெரியும்.

சரி, எதைப் பழையதாக வாங்கலாம்?

கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றால் அது பட்டர். பந்தைக் குழிக்குள் தள்ளும் மட்டை. அது மெதுவாகத் தட்டுவதற்கு மட்டும்தான், தேய வழியே இல்லை. அடுத்தது அயர்ன் செட். கார்ஸ்டன் சோல்ஹைம் என்று ஒரு எஞ்சினியர், நார்வேயில் பிறந்தவர், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். தனக்குப் பட்டிங் சரியாக வரவில்லை என்று 1959-ல் தானே ஒரு பட்டர் செய்தார். அடித்தால் 'பிங்' என்று சத்தம் வந்தது, அதையே கம்பெனிக்குப் பெயராக வைத்துவிட்டார். மட்டைத் தலையின் எடையை நடுவிலிருந்து எடுத்து ஓரங்களுக்குக் கொண்டுபோனால் அடி தவறினாலும் பந்து அவ்வளவாகத் தவறாது என்பது அவர் பிரபலப்படுத்திய வழி. அந்த முறையில் 1982-ல் வந்த பிங் ஐ-2 அயர்ன்களை வைத்துக்கொண்டு இன்றும் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதுகுப் பக்கம் குழிந்திருக்கும் இந்த மாதிரி அயர்ன்தான் நமக்கு வேண்டியது. கத்தி மாதிரி மெல்லியதாக, பார்க்க அழகாக இருக்கும் பிளேடு வகை சில சமயம் இன்னும் மலிவாகக் கிடைக்கும். தேர்ந்த கைகளுக்கு அது சரி. நமக்கு வேண்டாம்.

யோசித்து வாங்க வேண்டியது வெட்ஜ். மணல் குழியிலிருந்து பந்தை எடுக்கும் மட்டை, மணலிலேயே அடித்து அடித்து முகத்தில் உள்ள வரிப் பள்ளங்கள் மழுங்கிவிடும். நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் வரியில் சிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் விட்டுவிடுங்கள். வெட்ஜ் ஒன்றை மட்டும் புதிதாக வாங்கினாலும் தப்பில்லை.

கையில் எடுத்துப் பார்க்கும்போது என்ன பார்ப்பது? டிரைவர் தலையைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே லொடலொட என்றால் பசை உதிர்ந்திருக்கலாம், அல்லது ஏதோ உடைந்திருக்கலாம். முகத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெயிலில் சாய்த்துப் பாருங்கள். தண்டு இரும்பானால் கண் மட்டத்தில் பிடித்து வளைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிராஃபைட் என்றால் விரலால் தடவிச் சிராய் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பையின் விளிம்பில் உரசி உரசி வந்த ஆழமான கீறல் கிராஃபைட் தண்டை ஒருநாள் உடைத்துவிடும். செட் முழுதும் ஒரே தண்டா என்பதும் முக்கியம். இரண்டு மட்டைக்கு மட்டும் தண்டு மாறியிருந்தால் விலையில் குறைக்கச் சொல்லலாம்.

நம் ஊருக்கென்று ஒரு பிரச்சினை உண்டு. கடற்காற்று. மென்மையான கார்பன் எஃகில் அடித்துச் செய்த மட்டைகளில் மேற்பூச்சு போன இடத்தில் துரு பிடிக்கும். மேலாகப் பழுப்பு நிறம் இருந்தால் கவலை இல்லை, தேய்த்தால் போய்விடும். தலையும் தண்டும் சேரும் இடத்தில் துரு பொங்கியிருந்தால் வேண்டாம். வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் மாதக்கணக்கில் கிடந்த மட்டையில் அந்த இடத்துப் பசையும் தளர்ந்திருக்கும், தலையைப் பிடித்து லேசாக முறுக்கினால் தெரியும். கைப்பிடி ரப்பர் பிசுபிசுப்பாகவோ கல் மாதிரியோ போயிருந்தால் பயப்பட வேண்டாம். மாற்றிவிடலாம். மட்டைக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் வரை ஆகும். பேரம் பேசும்போது மொத்தமாகக் கணக்குப் போட்டுக் கழித்துக்கொள்ளுங்கள்.

நம் வயதுக்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது தண்டின் விறைப்பு. தண்டில் எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று ஏதாவது ஒரு எழுத்து இருக்கும். எல் மிகவும் வளையும், எக்ஸ் மிகவும் விறைப்பு. சந்தையில் எஸ் ஏராளமாக வரும், இளைஞர்கள் வாங்கி விற்பதால். விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்கினால் பந்து எழும்பாது, முழங்கையும் தோளும் வலிக்கும். அறுபது தாண்டியவர்கள் ஏ அல்லது ஆர் பார்ப்பது நல்லது. வீட்டு அம்மாக்கள் ஆட விரும்பினால் எல், எடை குறைந்த கிராஃபைட். தவறான அளவில் மலிவாக வாங்கிய மட்டை பிசியோதெரபி பில்லோடு சேர்த்துப் பார்த்தால் மலிவே இல்லை.

எத்தனை மட்டை வேண்டும்? விதிப்படி பையில் 14-க்கு மேல் இருக்கக் கூடாது. 1938-ல் அமெரிக்காவில் வந்த விதி. குறைந்தபட்சம் இத்தனை என்று விதி கிடையாது. ஸ்பெயின் நாட்டு செவி பாயெஸ்டெரோஸ் சிறு வயதில் ஒரே ஒரு 3-ஆம் எண் அயர்னை வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் பழகியவர், பிறகு உலகப் புகழ் பெற்றார். நம் நாட்டிலும் அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்து வந்தவர், 1991-லும் 1993-லும் இந்தியன் ஓப்பன் வென்றார். பெங்களூரு முனியப்பாவும் கேடியாக இருந்தவர்தான், 2009-ல் அதே பட்டம். இவர்கள் யாரும் லட்ச ரூபாய் எஸ்டிமேட்டோடு தொடங்கவில்லை. தொடங்குகிறவருக்கு ஒரு ஹைப்ரிட், 6, 8 எண் அயர்ன்கள், பிட்சிங் வெட்ஜ், மணல் வெட்ஜ், ஒரு பட்டர், இந்த ஆறு போதும். டிரைவர் ஆறு மாதம் கழித்து.

கிடைக்கும் இடங்களுக்கு வருகிறேன். முதலில் மைதானத்திலேயே கேளுங்கள். கேடிகளுக்கும் பயிற்சியாளர்களுக்கும் யார் எதை விற்கப் போகிறார் என்பது விற்பவருக்கு முன்பே தெரியும். அடுத்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளில் பணியாற்றும் கொரிய, ஜப்பானிய அதிகாரிகள். கோல்ஃப் அவர்களுக்கு உயிர். சில வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமான்களோடு மட்டையையும் விற்றுவிட்டுப் போவார்கள். ஜப்பானிய கம்பெனிகளில் நமக்குப் போலவே மார்ச்சோடு வருஷக் கணக்கு முடியும், ஏப்ரலை ஒட்டி இடமாற்றம் வரும். ஆகவே பிப்ரவரி, மார்ச்சில் காதைத் தீட்டிக்கொண்டிருங்கள். அவர்கள் பொருளைப் பராமரிக்கும் விதமே தனி. ஒவ்வொரு மட்டைத் தலைக்கும் உறை போட்டு வைத்திருப்பார்கள்.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்தால் அங்கே பழைய மட்டைகளைத் தரம் பிரித்து விற்கும் கடைகள் நிறைய. வரும்போது கொண்டு வரச் சொல்லலாம். கைப்பையில் அனுமதி கிடையாது, செக்-இன் சாமானில்தான் வர வேண்டும். சுங்க விலக்கு வரம்பு அவ்வப்போது மாறுகிறது, புறப்படும் முன் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பில்லைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

போலிகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நகைக் கடன் கவுண்டரில் மதிப்பீட்டாளர் முதலில் உரைகல்லை எடுக்க மாட்டார். கையில் தூக்கிப் பார்ப்பார், பிறகு கொண்டு வந்தவர் முகத்தைப் பார்ப்பார். கல் மூன்றாவதுதான். இங்கேயும் அப்படியே. இந்த வருஷ மாடல், பிளாஸ்டிக் உறை பிரிக்காதது, கால்வாசி விலை என்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள். நான்கு வருஷம் பழைய, அடிபட்ட தழும்புள்ள மட்டையைப் போலி செய்து யாருக்கும் லாபம் இல்லை. அதனாலேயே பழையது ஒரு விதத்தில் பாதுகாப்பு. எழுத்துகளின் வடிவம், பெயின்ட் நிரப்பிய விதம், தண்டும் தலையும் சேரும் இடத்தில் உள்ள கறுப்பு வளையம் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்பதை அசலின் படத்தோடு ஒப்பிடுங்கள். தொடர் எண் இருந்தால் கம்பெனிக்கு எழுதிக் கேட்கலாம். டிரைவருக்கு மட்டும் ஒரு சின்ன உரைகல் இருக்கிறது, காந்தம். நல்ல டிரைவரின் முகம் டைட்டானியம், சிலவற்றில் கார்பன். இரண்டிலும் காந்தம் ஒட்டாது. முகத்தில் ஒட்டினால் அது எஃகு, விலை வேறு. அடிப்பக்கத் திருகில் ஒட்டுவதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அயர்ன்களில் இந்தச் சோதனை செல்லாது.

இதுவரை வாங்குபவர் பக்கம். விற்பவர் பக்கத்தையும் பேச வேண்டும், ஏனென்றால் இந்தக் கூட்டத்தில் வாங்கப் போகிறவர்களை விட, பரணில் ஒரு பை கிடப்பவர்கள் அதிகம் இருக்கலாம்.

என் பழைய கிளை வாடிக்கையாளர் ஒருவர் காலமானார். நல்ல ஆட்டக்காரர். சில மாதம் கழித்து நாமினேஷன் விஷயமாக அவர் மனைவி வந்தார்கள். வேலை முடிந்ததும், "ஒரு கோல்ஃப் பை இருக்கு சார், ஆறாயிரத்துக்கு ஒருத்தர் கேக்கறார், குடுத்துடலாமா? வெறும் இரும்புதானே" என்று கேட்டார்கள். சனிக்கிழமை மதியம் போய்ப் பார்த்தேன். பிங் அயர்ன் செட், ஒன்று குறையாமல். ஸ்காட்டி கேமரன் பட்டர், உறையோடு. பட்டர் மட்டுமே அவர் சொன்ன மொத்தத் தொகையைப் போலச் சில மடங்கு போகும். கேட்டவருக்கு அது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை, அந்த வியாபாரத்தில் இருப்பவர்.

ஒரு முழுத்தாளில் ஒவ்வொரு மட்டைக்கும் பெயர், நிலைமை, எதிர்பார்க்கும் விலை, அதற்குக் கீழே போகக் கூடாத விலை என்று நான்கு பத்தி போட்டு எழுதிக் கொடுத்தேன். வங்கியில் நகையை ஏலம் விடும்போது அடமானம் வைத்தவருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், குறைந்தபட்ச விலை நிர்ணயிக்க வேண்டும். கடன் கட்டத் தவறியவருக்கே அந்தப் பாதுகாப்பு இருக்கும்போது, ஒரு தவறும் செய்யாத இந்த அம்மாவுக்கு ஏன் இருக்கக் கூடாது? தாள் அவர் கணவர் ஆடிய இடத்து அறிவிப்புப் பலகையில் தொங்கியது. மூன்று மாதத்தில் எல்லாம் போனது, மொத்தம் ரூ.51,000. அயர்ன் செட்டைக் கேட்டவர் அந்தப் பையைப் பதினொரு வருஷம் சுமந்த கேடி. பட்டியல் விலையை அவரால் ஒரே தடவையில் தர முடியவில்லை. அந்த அம்மா மாதம் ஆயிரமாக வாங்கிக்கொண்டார்கள், ஒரு டைரியில் தேதி போட்டு. கடைசி இரண்டு தவணையைத் தள்ளுபடி செய்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் வங்கியில் அதற்கு மேலிடத்து அனுமதி வாங்க வேண்டும்.

பேரம் என்றால் இதுதான் என் நிலை. விலை தெரிந்த கடைக்காரரிடம் கடைசி நூறு ரூபாய் வரை பேசுங்கள், அவரும் பேசுவார். விலை தெரியாதவர் அடிமாட்டு விலை சொன்னால், சரியான விலை என்ன என்று சொல்லிவிட்டு அதில் குறைத்துக் கேளுங்கள். அப்போதும் கடை விலையில் பாதிக்குத்தான் வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

கேள்வி நேரத்தில் பி பிளாக்கிலிருந்து ஒரு மேடம் கேட்டார்கள்: "என் பேரனுக்கு ஒன்பது வயசு. பெரியவங்க மட்டையை வெட்டிக் குடுத்தா போதுமா?" போதாது. வெட்டினால் நீளம்தான் குறையும், தலையின் எடை அப்படியே இருக்கும், தண்டும் இன்னும் விறைப்பாகும். பிள்ளையின் மணிக்கட்டு பாவம். சிறுவர் செட் தனியாக இருக்கிறது. அதை உயரம் பார்த்து வாங்க வேண்டும், வயதைப் பார்த்து அல்ல. இரண்டு வருஷத்துக்குள் பிள்ளை வளர்ந்துவிடும், செட் அப்படியே புதுசாக இருக்கும். இந்த மூன்று பிள்ளைகளும் மூன்று உயரத்தில் இருக்கிறார்கள். மூத்தவனுடைய செட் அடுத்தவனுக்கு, அவனுடையது சின்னவளுக்கு என்று பள்ளிப் புத்தகம் போலக் கைமாற்றினால், மூன்று வீட்டுக்கும் சேர்த்து இனி ஒரு செட் வாங்கும் செலவுதான். எஸ்டிமேட் வாங்கிய அந்தப் பெற்றோரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன், இன்னும் தவணை போடவில்லை என்றார்கள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சமுதாயக் கூடத்தின் பின்புறம் இருப்பேன். பரணில் மட்டை வைத்திருப்பவர்கள் துடைக்காமல் அப்படியே கொண்டு வாருங்கள், துரு எங்கே என்று பார்க்க வேண்டும். காந்தமும் முழுத்தாளும் நான் கொண்டு வருகிறேன்.